ஆண்டுப் பூசைக்குப் பாட்டுத்தாள்

நவம்பர் 3, திங்கள்

காலையில் நல்ல வெயில். மத்தியானம் மேகம் கூடிவிட்டது. துணி பாதிதான் காய்ந்தது.

நேற்று கல்லறைக்குப் போனோம். மகள் பிலோ ஜோகூர் பாருவில் இருந்து வந்திருந்தாள். அவள் அப்பா கல்லறையைக் கழுவித் துடைத்தாள். நான் பூ வைத்தேன். காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. பிலோ மெழுகுவர்த்தியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மா எப்போது அழுவாள் என்று. போன வருடம் அடக்கத்தன்றும் இப்படித்தான் பார்த்தாள். வரவில்லை. வராத அழுகையை எங்கே போய் வாங்குவது.

16 ஞாயிறு அவருக்கு ஆண்டுப் பூசை. மூன்றாம் ஞாயிறுதான் எங்கள் கோயிலில் தமிழ்ப் பூசை, சரியாக அதிலேயே விழுகிறது. ஃபாதரிடம் சொல்லியாயிற்று.

செய்ய வேண்டியது:
பாட்டுத்தாள் அடிக்க
பிரஷர் மருந்து, கிளினிக்
பூசைக்குப் பின் பலகாரம், வடை போதும், கேசரி வேண்டாம்
கம்ப்யூட்டரைப் பார்க்க

கம்ப்யூட்டரில் கொஞ்ச நாளாக மூலையில் ஒரு பெட்டி வந்து வந்து நிற்கிறது. என்னமோ முடிந்துவிட்டதாம், இனிப் பாதுகாப்பு இல்லையாம், அப்டேட் செய் என்கிறது. மூடினால் மறுபடி வருகிறது. கதவைத் தட்டும் விற்பனைக்காரன் மாதிரி. அவர் இருந்தால் "வச்சிட்டுப் போ" என்று அதற்கும் பதில் சொல்லியிருப்பார்.

பழைய கம்ப்யூட்டர் பெட்டிதான். சிகாமட் வெள்ளத்தில் அரிசி மூட்டைக்கு முன்னால் இதைத்தான் அலமாரி மேல் ஏற்றினார். அரிசி நனைந்தது. நான் திட்டினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

காலை கிளினிக். பிரஷர் கூடுதல். நர்ஸ் மிஸ்ஸி உப்பைக் குறைக்கச் சொன்னாள். சரி என்றேன்.

பேத்தி ஏஞ்சலினுக்குப் போன் செய்தேன், பிலோ மகள். ஜோகூர் பாருவில் இருந்து தினமும் சிங்கப்பூர் போய் வருகிறாள், பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் குடும்பத்தில் அவள் அளவு படித்தவர் யாரும் இல்லை, இந்தத் தாமான் குடியிருப்பிலும் இல்லை என்றே சொல்லலாம். வேலை நேரத்தில் கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் எடுத்தாள்.

மெஷின் பழசு, புதிது ஏறாது, இருக்கிற அப்டேட்டையாவது போட்டுவிடுங்கள் பாட்டி என்றாள். பயப்பட ஒன்றும் இல்லையாம், யெஸ் கொடுத்துவிட்டு விட்டுவிட வேண்டுமாம். யெஸ் கொடுத்தேன். திரை நீலம். நடுவில் புள்ளிகள் வட்டமாக ஓடின. அணைக்காதே என்று கீழே எழுதியிருந்தது. அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும்.

சோறு வடித்தேன். ஓடிக்கொண்டிருந்தது. குளித்தேன். ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் இடி. எங்கள் வரிசையில் இடி இடித்தால் எல்லா வீட்டிலும் பிளக்கைப் பிடுங்குவார்கள். டிவி, வைஃபை, எல்லாம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கக் லீமா வேலிக்கு மேலிருந்து "சாபுட், சாபுட்" என்று கத்துவாள், பிடுங்கு பிடுங்கு என்று. இன்றும் கத்தினாள். போய்ப் பிடுங்கிவிட்டேன். டிவி, பிரிட்ஜ், எல்லாவற்றோடும் கம்ப்யூட்டரையும். கை தானாகப் போயிற்று.

பிடுங்கின பிறகுதான் அணைக்காதே என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது.

மழை நின்றதும் போட்டேன். நீலத் திரை. கோணல் வாயுடன் ஒரு முகம். அதற்குக் கீழே ஏதோ எழுத்து. மறுபடி போட்டேன். அதே முகம்.

சாப்பிட்டேன். கீரை.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

ஏஞ். வேலை முடிந்து வீடியோ காலில் வந்தாள். போனைத் திரைக்குக் காட்டச் சொன்னாள்.

"பாட்டி, திருப்பிப் பிடிச்சிருக்கீங்க. உங்க மூக்குதான் தெரியுது."

"மூக்கு நல்லா இருக்கா?"

"மூக்குல மூக்குத்திதான் இல்ல. கம்ப்யூட்டரைக் காட்டுங்க."

மூக்குத்தியைப் போன வருடம் கழற்றினதுதான். அவளுக்குத் தெரியும். வாய் தவறி வந்துவிட்டது, அதன்பின் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த அமைதியை விட மூக்குத்திப் பேச்சே தேவலை.

பிறகு அவள் சொன்னதை எல்லாம் செய்தேன். எஃப் எட்டு. ஷிப்ட் எஃப் எட்டு. ரிப்பேர் என்று ஒன்று. புள்ளிகள் ஓடின. கடைசியில் சரி செய்ய முடியவில்லை என்று மெஷினே சொல்லிவிட்டது.

ஏஞ். சொன்னாள், பாட்டி, டேப்ளட் ஒன்று வாங்கித் தருகிறேன், இது போதும், தூக்கிப் போட்டுவிடலாம். பிலோவும் அவள் பக்கத்தில் இருந்து, "ஆமா மா, எத்தனை வருஷத்துக் குப்பை" என்றாள்.

16 ஞாயிற்றுக்குள் பாட்டுத்தாள் வேண்டும் என்றேன். கோயில் ஸ்டெல்லா டீச்சர் பாட்டை ஸ்கிரீனில் போட்டுக்கொள்வாள், எதற்கு உங்களுக்கு இந்தத் தொல்லை என்றாள் பிலோ. போனை வைத்துவிட்டேன். நன்றி சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

ஒன்றும் இல்லை.

இல்லை, ஒன்று. பெட்டியின் பக்கத் தகட்டைத் திருகு கழற்றித் திறந்தேன். உள்ளே நிற்கும் சின்னப் பலகைத் துண்டைப் பிடுங்கி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் தங்கப் பல்லைத் தேய்த்து மறுபடி செருகினால் மெஷின் எழுந்துவிடும். அவர் செய்வார். கண் போன பிறகு நான்தான் தேய்ப்பேன், அவர் பக்கத்தில் நின்று "மெதுவா, மெதுவா" என்பார். இன்று மெதுவாகத்தான் தேய்த்தேன். தூசி நிறைய. பல்லி முட்டை ஓடு ஒன்று.

எழவில்லை. அதே முகம்.

நவம்பர் 7, வெள்ளி

கக் லீமா காரில் கடைத்தெருவுக்கு. பெட்டியைக் குளியல் துண்டில் சுற்றிப் பின் சீட்டில் வைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே அதற்கு சீட் பெல்ட் போட்டாள்.

கம்ப்யூட்டர் கடை முதலாளி, தவுக்கே, சீனர், ஐம்பது வயது இருக்கும், சத்தமாகப் பேசுவார். அவரும் நானும் மலாயில் பேசிக்கொண்டோம். இவ்வளவு பழைய பெட்டியை இந்த வருடம் யாரும் கொண்டுவரவில்லை என்றார். மியூசியத்துக்குக் கொடுங்கள் ஆன்ட்டி என்றார். என் பேத்தி சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை என்றேன். அப்படியானால் ஏன் என்னிடம் வந்தீர்கள் என்றார். இருவரும் சிரித்தோம்.

முழுதும் அழித்துப் புதிதாகப் போட வேண்டுமாம். உள்ளே இருப்பது வேண்டுமா என்று கேட்டார். எல்லாம் வேண்டும் என்றேன். பென்டிரைவில் எடுத்து வைப்பாராம். திங்கள் வரச் சொன்னார்.

வீட்டில் மேசை வெறுமை. தூசி இல்லாத சதுரம் ஒன்று. துடைத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இங்கிலீஷ் பூசை. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வெளியே ஸ்டெல்லா டீச்சர் பிடித்துக்கொண்டாள். பாட்டுக் குழுவுக்குத் தலைவி, தமிழ்ப்பள்ளி டீச்சர், குரல் நல்ல குரல். கம்ப்யூட்டர் கதை அவள் காதுக்கு எப்படிப் போனதோ.

"ஆன்ட்டி, இந்த ஒரு தடவை ஸ்கிரீன்ல போட்டுடலாம். பாட்டு எல்லாம் என் போன்ல ரெடியா இருக்கு. நீங்க சும்மா வந்து உட்காருங்க. அங்கிள் பூசை, நீங்க எதுக்கு வேலை பாக்கணும்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் எரிச்சல்.

தாள் வரும் என்றேன். எப்படி என்றாள். வரும் என்றேன். கையால் எழுதி ஜெராக்ஸ் போடுவோமா என்று கேட்டாள். என் கையெழுத்தை அவள் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து, வயதானதும் நடுக்கம் வேறு. கோயில் முழுக்க அதைப் படிக்க விடுவேனா.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று எழுதி வைக்கிறேன், பிறகு எனக்கே மறந்துவிடும். இந்தக் கோயிலில் பாட்டுத்தாளை ஆரம்பித்தவர் அவர். எஸ்டேட் ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த கிராணி, டைப்ரைட்டர் தெரிந்தவர். சர்க்கரையில் கண் மங்கியதும், அவர் பாடுவார், நான் அடிப்பேன். விசைகளின் மேல் தமிழ் எழுத்தைச் சின்னச் சின்னத் தாளில் எழுதி செலோடேப் போட்டு ஒட்டித் தந்தார். ஒரு விரலில் ஆரம்பித்தேன். பிறகு இரண்டு கையும். நான் லாபிஸ் பக்கம் எஸ்டேட் பள்ளியில் ஐந்து வரை படித்தவள். இந்த ஊரில் என் வயதுப் பெண் யார் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கிறாள், காட்டட்டும். எல்லோருடைய பூசைக்கும் தாள் அடித்தோம். அவர் பூசை தாள் இல்லாமல் நடக்கக்கூடாது. அவ்வளவுதான்.

நவம்பர் 10, திங்கள்

பெட்டி வந்துவிட்டது. நன்றாக ஓடுகிறது. அவ்வளவு வேகமாக அது எப்போதும் ஓடியதில்லை.

தவுக்கே பென்டிரைவைக் கொடுத்துவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். போட்டோ எல்லாம் சரி ஆன்ட்டி, ஆனால் எழுத்து ஃபைல் எல்லாம் ரோசாக், கெட்டுப்போய்விட்டது, வைரஸாக இருக்கும் என்றார். ஒன்றைத் திறந்து காட்டினார். பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்து, நடுவில் அரைப்புள்ளி, பெரிய எழுத்து சின்ன எழுத்து கலந்து. எந்த மொழியும் இல்லை. அழித்துவிடவா, இடம் மிச்சமாகும் என்று கேட்டார்.

"தாக் பாயா, வேணாம். இருக்கட்டும்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். கிறிஸ்துமஸ் பாட்டு, தவக்காலப் பாட்டு, பொந்தியானில் அவர் தம்பி மகன் கல்யாணப் பூசைக்கு அடித்தது. எல்லாம் அதே குப்பை. மூடினேன்.

முட்டை, ரொட்டி, குக்கருக்கு வாஷர்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விடாமல்.

காலையில் சும்மா உட்கார்ந்து விசைகளைத் தட்டினேன். அம்மா என்று அடித்தேன். பழக்கம், முதலில் எப்போதும் அதைத்தான் அடித்துப் பார்ப்பேன். திரையில் mk;kh என்று வந்தது.

நேற்றுப் பார்த்த மாதா பாட்டு ஃபைலைத் திறந்தேன். முதல் வரியிலேயே mk;kh. அடுத்த வார்த்தையை விசையில் விரலை வைத்துப் பார்த்துப் பார்த்து மெதுவாகப் படித்தேன். வந்தது. அடுத்ததும் வந்தது.

கெட்டுப்போகவில்லை. பாட்டு எல்லாம் அப்படியே இருக்கிறது. உருவம்தான் இல்லை.

சந்தோஷப்பட வேண்டும். காப்பி போட்டேன்.

ஏஞ்.க்குச் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டாள், கெட்டிக்காரி. "ஃபோன்ட் போயிடுச்சு பாட்டி. பழைய ஃபோன்ட், மெஷினை அழிச்சப்ப அதுவும் போயிருச்சு. பேர் என்ன?"

பேர் எனக்கெப்படித் தெரியும். அவர் அதற்கு "நம்ம எழுத்து" என்றுதான் சொல்வார். நம்ம எழுத்தைப் போடு, நம்ம எழுத்துல இருக்கா பார்.

நெட்டில் தேடி அவளே தூரத்தில் இருந்து என் பெட்டிக்குள் புகுந்து போட்டாள். அம்பு தானாக நகர்வதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள், பாட்டி இது சரியா, இது சரியா. ஏஞ்.க்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பிலோ மலாய்ப் பள்ளியில் போட்டாள். அப்போதே சொன்னேன், யார் கேட்டார்கள்.

நவம்பர் 12, புதன்

இன்னும் சில ஃபோன்ட். ஒன்றில் முழுப் பக்கமும் தமிழாக வந்தது. ஏஞ். "வந்துருச்சு பாட்டி, வந்துருச்சு" என்றாள். படித்துப் பார்த்தேன். தமிழ் எழுத்துதான், ஒரு வார்த்தையும் வார்த்தை இல்லை. யாரோ தூக்கத்தில் பேசுவது போல.

"அழகா இருக்கே பாட்டி."

"அழகா இருக்குடி. ஆனா ஒண்ணும் புரியல."

அவளுக்குக் குரல் தொய்ந்துவிட்டது. பாவம், வேலை முடிந்து எனக்காக உட்கார்ந்திருக்கிறாள். நீ போய்ச் சாப்பிடு, போதும் என்றேன். அவள், "சாரி பாட்டி, நான் தமிழ் படிச்சிருக்கணும்" என்றாள். நீ படித்ததை இங்கே யாரும் படிக்கவில்லை என்றேன். அது உண்மை.

ஸ்டெல்லா டீச்சர் போன். தாள் என்ன ஆயிற்று. வரும் என்றேன். இந்த முறை நான் சொன்னதை நானே நம்பவில்லை. அவளும் நம்பவில்லை. சரி ஆன்ட்டி, எதற்கும் ஸ்கிரீனையும் ரெடியாக வைத்துக்கொள்கிறேன் என்றாள். வைத்துக்கொள் என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

காலையில் உட்கார்ந்து அடித்தேன். எங்கே அச்சடிப்பது என்று தெரியாமலே.

வருகைப் பாடல். தியானப் பாடல். காணிக்கை. நன்மைப் பாடல். கடைசியில் மாதா பாட்டு, அவர் எப்போதும் அதில்தான் முடிப்பார். பழைய ஃபைலில் இருந்து எடுத்து ஒட்டலாம். ஆனால் எது எங்கே என்று இந்தக் குப்பையில் தேடுவதைவிட அடிப்பது சுலபம். பாட்டு எனக்கு மனப்பாடம். திரையைப் பார்க்கவில்லை, பார்த்து என்ன ஆகப்போகிறது. விசையைப் பார்த்தேன். ஒட்டின எழுத்தில் பாதி தேய்ந்துவிட்டது, விரலுக்குத் தெரிகிறது.

ஓரிடத்தில் என்னை அறியாமல் நின்றேன். அந்த வரிக்கு அப்புறம் அவர் இருமுவார், நான் காத்திருப்பேன். காத்திருந்தேன். பிறகு அடித்தேன்.

நவம்பர் ஆத்துமாக்கள் மாதம். தாளின் கடைசியில் இறந்தவர்கள் பெயர்கள் வரும். ஒவ்வொரு வீட்டில் இருந்தும் கொடுப்பார்கள். காலஞ்சென்ற என்று ஆரம்பித்து வரிசையாக. இந்த வருடம் எங்கள் வீட்டுப் பெயரும் உண்டு.

போன கிறிஸ்துமஸில் இருந்து எத்தனையோ தாள் அடித்தேன். யாருக்காகப் பூசை என்று சொல்லும் பூசைக் கருத்தில் அவர் பெயர் வரும் மாதங்களில் எல்லாம் அந்த வரியை விட்டுவிடுவேன். ஃபாதர் வாயால் சொல்லட்டும், தாளில் எதற்கு என்பேன். பிலோ கேட்டபோது இடமில்லை என்றேன். அடிக்க உட்கார்ந்தால் காலஞ்சென்ற வரைக்கும் கை போகும். அதற்கு மேல் போகாது.

இன்று போயிற்று. Qhdg;gpufhrk;. இதுதான் திரையில். இது யாருடைய பெயரும் இல்லை. ஒரு கியூ, அப்புறம் கொசு மாதிரி சில எழுத்து. நிம்மதியாக அடித்தேன். முற்றுப்புள்ளியும் வைத்தேன்.

பென்டிரைவில் ஏற்றினேன். அரிசி களைந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

காலை தூறல். மருந்து போட மறந்துவிட்டேன், மத்தியானம் போட்டேன்.

பின் வரிசை ராமசாமி வீட்டில் இருந்து தம்பதியாக வந்தார்கள், மகளுக்குக் கல்யாணம். குங்குமத் தட்டை நீட்டிவிட்டு ராமசாமி சம்சாரம் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நான் வேதக்காரி என்று இழுத்தாளா, மற்றதற்கு இழுத்தாளா தெரியவில்லை. கல்கண்டு எடுத்துக்கொண்டேன். காப்பி கொடுத்தேன். மாப்பிள்ளை குளுவாங்கில் பேக்டரி சூப்பர்வைசராம்.

போன பிறகு கார்டைப் படித்தேன். படித்துக்கொண்டே இருந்தேன். என்னவோ பழகின முகம் மாதிரி. 'நிகழும்' என்பதில் அந்த ழகரத்தின் வால். 'அன்புடையீர்' அகரத்தின் வயிறு. பீரோவில் இருந்து போன வருடத்துப் பாட்டுத்தாள் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

நம்ம எழுத்து.

கார்டின் பின்னால் அடியில் அச்சகத்தின் பெயர். டவுனில்தான், பஸ் நிலையத்துக்குப் பின்னால். போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. நாளை திறந்திருக்குமா தெரியாது. நாளை விட்டால் ஞாயிறு.

நவம்பர் 15, சனி

வானம் மூடிக்கிடந்தது. மழை இல்லை.

கக் லீமாவின் பேரனுக்குக் காய்ச்சல், கார் கேட்கவில்லை. பஸ்ஸில் போனேன். அச்சகம் பாதி ஷட்டர். குனிந்து நுழைந்தேன்.

மணியம் என்று ஒருவர், கழுத்தில் கண்ணாடிக் கயிறு. கல்யாணக் கார்டு, கருமாதிக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், சுற்றி எல்லாம் கட்டுக்கட்டாக. சனிக்கிழமை பாதி நாள்தான்மா, மூடப்போறேன் என்றார். ஒரு பக்கம்தான் என்றேன். பாட்டுத்தாள் என்றேன். பூசைக்கு என்றேன். யாருடைய பூசை என்று சொல்லவில்லை.

பென்டிரைவைச் செருகித் திறந்தார். குப்பை. சங்கடமாக இருந்தது, ஏதோ அழுக்குத் துணியைக் கடைக்காரர் முன் பிரித்த மாதிரி. இது ரோசாக் இல்லை, ஃபோன்ட்தான் இல்லை என்று நானே முந்திச் சொல்லிவிட்டேன்.

"தெரியுதும்மா. இத வச்சுத்தானே இத்தனை வருஷமா பொழைக்கிறோம்."

எல்லாவற்றையும் கறுப்பாக்கினார். மேலே ஒரு பட்டியலை இறக்கி ஒன்றைத் தட்டினார்.

ஒரு நொடி. பக்கம் முழுக்கத் தமிழ்.

முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் ஒன்றாக வந்துவிட்டது. வருகைப் பாடல் என்று தலைப்பு, நடுவில். அப்படி வரும் என்று நான் நினைக்கவில்லை. வரிவரியாக வரும், கொஞ்ச நேரம் இருக்கும் என்று நினைத்தேன்.

மணியம் அச்சுக்காரர், சத்தமாகப் படித்துத்தான் பிழை பார்ப்பார் போலும். பாட்டை எல்லாம் நோட்டீஸ் படிப்பதுபோல் படித்துக்கொண்டே போனார். இரண்டு இடத்தில் திருத்தினார். நான் அதையெல்லாம் கேட்கவில்லை. நான் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே வந்து சேரும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலஞ்சென்ற சவரிமுத்து மகன் ஞானப்பிரகாசம், முதலாம் ஆண்டு. யாரும்மா இவரு, தெரிஞ்சவரா?"

"எங்க வீட்டுக்காரர்."

மணியம் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்.

"பேர் கொஞ்சம் பெருசா போடவாம்மா? தடிப்பா?"

"வேணாம். மத்தவங்க பேர் அளவே போதும்."

இது எங்கள் வீட்டுக்காரர் சட்டம். எஸ்டேட் மேனேஜர் செத்தபோதே பெரிதாகப் போட மாட்டேன் என்றவர், கேட்டவர்களிடம் செத்தவர்கள் எல்லாம் ஒரே அளவு என்றவர்.

தாள் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். மெஷின் ஓடியது. சூட்டோடு தாள் வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தாளிலும் அவர் பெயர். அடியில் கை வைத்து வாங்கினேன்.

அழவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

பிலோவும் ஏஞ்.உம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள், மீன் வாங்கி வந்தார்கள். பிலோ தாளை எடுத்து, கடைசிக்குத்தான் முதலில் போனாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மீன் கழுவப் போனேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வெக்கை. காற்றே இல்லை.

கோயிலுக்கு முன்னாலேயே போய் ஒவ்வொரு பெஞ்சிலும் தாள் வைத்தேன். ஏஞ். ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஸ்டெல்லா டீச்சர் வந்து ஒன்றை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "வந்துருச்சே ஆன்ட்டி," என்றாள். ஸ்கிரீனைச் சுருட்டி ஓரத்தில் வைத்தாள். பாட்டை நன்றாகத்தான் ஆரம்பித்தாள்.

முன் வரிசையில் நான், பிலோ, ஏஞ்., பக்கத்தில் லூர்து அக்கா. லூர்து அக்காவுக்கு என்னைவிட வயது கூட, பார்வை சரியில்லை, தாளை மூக்கில் ஒட்டிக்கொண்டு பாடினாள். ஏஞ். தாளில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள், படிக்கிற மாதிரி. எங்கே இருக்கிறோம் என்று நடுவில் பிலோ தொட்டுக் காட்டினாள்.

ஃபாதர் பெயர்களைப் படித்தார். வரிசையாக. அவர் பெயர் கடைசி. மற்றவர்கள் பெயரை எப்படிப் படித்தாரோ அப்படியே.

பிரசங்கம் நீளம். எங்கள் பக்கத்து மின்விசிறி ஓடவில்லை, சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஆட்கள் பாட்டுத்தாளை எடுத்து விசிற ஆரம்பித்தார்கள். முதலில் பின்னால் யாரோ, பிறகு எல்லாரும். கோயில் முழுக்கத் தாள் அசைந்தது. பிலோ மட்டும் விசிறவில்லை, மடியில் வைத்திருந்தாள்.

லூர்து அக்கா தாளை இரண்டாக மடித்தாள், பெயர் இருக்கிற பக்கம் வெளியே. பெரிய கை, பலமாக விசிறினாள். காற்று எனக்கும் வந்தது.